மூன்றாம் அறையிலிருந்து வந்த மெசேஜ்

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எந்த வேலையைக் கொடுத்தாலும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும் எனக்கு.

வாடிக்கையாளர்களுக்காக நாங்கள் கிளவுடில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் கம்ப்யூட்டர்கள் நிறைய. அவற்றில் பலவற்றின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழையது. குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தர மாட்டோம் என்று அதைத் தயாரித்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். அப்புறமும் ஓட்டினால் வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போன மாதிரிதான். அந்தத் தேதிக்குள் எல்லா மெஷினையும் புதியதற்கு மாற்றுவது, தேவையில்லாததை அழிப்பது, இதுதான் என் வேலை.

ஒரு மெஷின் மட்டும் யாருக்காக ஓடுகிறது என்றே தெரியவில்லை. நாங்கள் வாங்கிய இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து வந்தது அது. அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். என் மெயில்களுக்கும் பதில் இல்லை. டீம் லீடரிடம் கேட்டேன்.

"ஆஃப் பண்ணி வை மச்சா. வேணுங்கறவன் கத்துவான். ஒரு வாரம் யாரும் கத்தலன்னா டெலீட் பண்ணிடு" என்றார்.

எங்கள் தொழிலில் இது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். நிறுத்தினேன். ஒரு வாரம் ஒருவரும் கத்தவில்லை.

அழிக்க வேண்டிய நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது, பார்த்துவிட்டு அழிப்போமே என்று தோன்றியது. மறுபடி ஆன் செய்து, அதில் ஓடும் புரோகிராமைப் படித்தேன். பக்கத்தில் ஹெப்பகோடியில் ஐஸ்கிரீமும் பட்டாணியும் வைக்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜ். அதன் உறைகுளிர் அறைகளுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு பட்டன். அழுத்தினால் இந்த மெஷின் வழியாக சூப்பர்வைசர்களின் போனுக்கு மெசேஜ் போகும். கத்துவதற்கென்றே வைத்திருந்த மெஷினின் வாயைத்தான் நான் கட்டிப்போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு வரி வந்தது: மூன்றாம் அறை, உள்ளே ஆள். மறுபடி அதே வரி. மறுபடியும். யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். எல்லா வரிக்கும் பக்கத்தில் இருந்த நேரம், அந்த நிமிடம்.

புரோகிராமில் இருந்த முதல் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அடுத்தது ஸ்விட்ச் ஆஃப். அந்தக் குளிரில் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

மூன்றாவது நம்பரில் ஒரு பெண் குரல். கன்னடத்தில் ஆரம்பித்தவர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"அக்கா, மூணாம் ரூம்ல யாரோ மாட்டியிருக்காங்க, உடனே தொறங்க."

"எனக்கும் இப்பதான் மெசேஜ் வந்துச்சு. ஓடிட்டுதான் இருக்கேன். நீ யாருப்பா?"

"மெஷின் பாத்துக்கற கம்பெனிலேருந்துக்கா" என்றேன். அவர் ஓடும் சத்தம் கேட்டது. "ஏய், வண்டிய நகத்துடா" என்று யாரையோ அதட்டினார். கனமான கதவு திறக்கும் ஓசை. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் யாராவது விழுந்து கிடக்கிறார்களா? "அக்கா, அக்கா" என்று போனுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன்.

"யாரும் இல்லப்பா. மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன்." பிறகு கேட்டார்: "நேத்து நான் அழுத்தினதா இது? இப்பவா வருது?"

முந்தின நாள் போனை வெளியே வைத்துவிட்டுச் சரக்கு எண்ணப் போனவர் உள்ளே மாட்டிக்கொண்டாராம். உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகிவிட்டது. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார், யாரும் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் கதவை இடித்திருக்கிறார். விரல்கள் மரத்துப்போன நேரத்தில், லோடு எடுக்க வந்த ஒருவர் தற்செயலாகக் கதவைத் திறந்திருக்கிறார். அங்கே பட்டனோடு இணைந்திருந்த கருவி அனுப்ப வழியில்லாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நான் ஆன் செய்ததும் வந்து கொட்டியிருக்கிறது. பழைய புரோகிராம், மெசேஜ் வந்து சேர்ந்த நேரத்தை மட்டும்தான் எழுதும்.

"அந்த மெஷின ஆஃப் பண்ணது நான்தான்க்கா" என்றேன்.

"எத்தன தடவ அழுத்தினேன் தெரியுமா" என்றார். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, இப்ப ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"லைன்லயே இரு. மறுபடி உள்ள போய் அழுத்தறேன், வந்துச்சான்னு சொல்லு." பிறகு வேறு யாரிடமோ, "கதவப் புடிச்சிக்கிட்டு இங்கயே நில்லு. டீக்குப் போனே, தொலைச்சிடுவேன்" என்றார்.

அதே அறைக்குள் அவர் திரும்பப் போனார். நான் கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி வந்தது. "வந்துடுச்சுக்கா" என்று கத்தினேன்.

திருத்தங்கள் நிற்கும் அந்தத் தேதிக்கு முன்பே அவர்களுக்குப் புதிய மெஷின் தயாரானது. அவர் ஒவ்வோர் அறையாக நின்று பட்டனை அழுத்திக் காட்டிய பிறகுதான் பழையதை நிறுத்தினேன். இப்போதும் என் வேலை அதேதான்; ஆனால் கேட்டுக் கேட்டும் யாருமே பதில் சொல்லாத மெஷின் ஒன்று வந்தால், அந்த அமைதிக்குள் ஒருவர் கதவை இடித்துக்கொண்டிருக்கலாம் என்ற பயம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.