அத்தை தண்ணீர் பார்க்கப் போனாள்

மலையாளச் சீமையில், கோட்டைக்குள் இருந்த எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தபோது எனக்கு எட்டு வயது. சித்தப்பா வாட்டர் ஒர்க்ஸில் குமாஸ்தா. அதனால் தெருவின் முதல் குழாய் எங்கள் கொல்லையில்தான் வந்தது. அதைத் திறந்து மூடும் ஆசையிலேயே நானும் தம்பியும் நாளெல்லாம் கை கழுவினோம். ஒரு சொட்டு ஒழுகினாலும் சித்தப்பா எங்கிருந்தாலும் ஓடிவந்து மூடுவார். ஊர் முழுவதும் தன்னை நம்பித்தான் தண்ணீர் குடிக்கிறது என்று அவருக்கு நினைப்பு.

அத்தை மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. சின்ன வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். எங்கள் சமையலறை அவள் ராஜ்யம். விடிகாலையில் குளித்து மடி உடுத்திவிட்டால், சாப்பாடு முடியும்வரை எங்கள் நிழல்கூட அவள்மேல் படக்கூடாது. "தொடாதே, தொடாதே" என்பதுதான் அவள் குரலாகவே எங்களுக்குத் தெரியும். குழாய்க்குள் தோல் வளையம் இருக்கிறதென்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் கிணற்று ஜலம்தான் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் ஊரில் பேதி கண்டது. சுகாதார ஆட்கள் வந்து கிணறுகளில் மருந்து போட்டார்கள். மறுநாள் காலை அத்தை இழுத்த குடத்தில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் ஏறிவந்தது.

"ஐயோ, கெணத்துக்கு என்னமோ ஆயிடுத்தே!"

அந்தக் கூச்சலில் பாதித் தெரு எங்கள் கொல்லையில் கூடிவிட்டது. சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனிமே குழாய்தான் கதி, அக்கா!"

அத்தை பூஜை அறைக்குள் போனாள். அம்மா குழாய்த் தண்ணீரில் சமைத்தாள். அத்தை இரண்டு நாள் இளநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சித்தப்பாவின் சிரிப்பு நின்றது.

"அக்கா, எங்கூட வா. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வரதுன்னு கண்ணால பாரு. அழுக்குன்னு நீ சொல்லிட்டா, வேற நல்ல ஜலம் நானே சுமந்துண்டு வந்து தரேன்."

மாட்டு வண்டி வந்தது. அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

ஊருக்கு வடக்கே ஒரு மேடு. அருவிக்கரை அணையிலிருந்து வந்த ஆற்று நீர் அங்கே பெரிய பெரிய தொட்டிகளில் மணலுக்குள் இறங்கி வடிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே காக்கி நிக்கர் போட்ட மலையாளத் தொழிலாளி ஒருவர் எங்களை நிறுத்தினார். செருப்பை வெளியே விடச் சொன்னார். கால் கழுவச் சொன்னார். என் கால்களைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவச் சொன்னார். அத்தையின் முகம் மலர்ந்தது.

"நம்மாத்துலகூட இத்தனை மடி கெடையாதுடா."

கடைசித் தொட்டியில் தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அத்தை குனிந்து ஒரு கை அள்ளப் போனாள்.

"தொடண்டா அம்மே!" அந்தத் தொழிலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஊரு மொத்தம் குடிக்கற வெள்ளமாக்கும். ஆரும் கை வைக்கப்படாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. அத்தையிடம் 'தொடாதே' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா அவரை அதட்ட வாயெடுத்தார்.

"சும்மா இருடா. அவர் சொல்றது சரிதானே" என்றாள் அத்தை. பிறகு அந்த மனிதரிடம், "எனக்குத் தாகமா இருக்கு. நீங்களே கொஞ்சம் விடுங்கோ" என்றாள்.

அவர் சித்தப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தயங்கித் தயங்கி ஒரு செம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தார். அவர் தள்ளி நின்று ஊற்ற ஊற்ற, அத்தை இரண்டு கைகளையும் ஏந்தி, மூச்சுவிடாமல் குடித்தாள். முன்கை வழியே வழிந்து புடவை நனைந்தது. சித்தப்பா வாய் பிளந்து நின்றார்.

"பாவம், சித்தப்பாவுக்கும் தாகம். அவருக்கும் விடுங்கோ" என்றேன். அத்தைக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. எனக்கும் இரண்டு கை நிறையக் கிடைத்தது.

மறுநாள் அத்தையே குழாயடியில் குடம் வைத்தாள். தோல் வளையத்தைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை. ஆனால் மேட்டிலிருந்து அன்று வீடு திரும்பியதும் சித்தப்பா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா மாவு பிசைந்த கையோடு, "யார் கையால? யார் கையால?" என்று மூன்று தடவை கேட்டாள். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்காமல் அம்மா ஏன் இதையே கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நன்றாகச் சில்லென்று இருந்தது என்று நானாகவே சொல்லிவைத்தேன்.