கிளையை அளக்காத டேப்

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டேங்கரை இழுத்தபடி ஒரு டிராக்டர் வந்து நின்றது. கூரைக் கம்பியில் இருந்த நெளிவைப் பார்த்ததும் எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. டீ கசந்தது. டீ மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது.

அந்த வண்டியை விற்ற ஷோரூமில்தான் நான் முதன்முதலாக வேலை பார்த்தேன். விருதுநகர் வெயிலில் டை கட்டிக்கொண்டு டிராக்டர் விற்ற ஜென்மம் நான், சிரித்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் என் பெரியப்பா மகன். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும்தான். அவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. டாக்டரிடம் போனாலும் மாத்திரைப் பெயரை இவர்தான் சொல்வார்.

காரியாபட்டிப் பக்கம் அண்ணாச்சியின் மனைவி, என் மதினிக்கு, அவரைப் பெற்ற அப்பா விட்டுப்போன கொய்யாத்தோப்பு ஒன்று இருந்தது. அதற்கு அண்ணாச்சி டிராக்டர் எடுக்கப்போகிறார் என்றதும் மதினி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மரத்துல இடிக்காத வண்டியாப் பாத்துக் குடுங்க. எனக்குன்னு இருக்கது அந்தத் தோப்பு ஒண்ணுதான்."

தோப்புக்கென்றே வண்டி இருந்தது. குள்ளமாக, ஒடுக்கமாக, கூரை இல்லாமல் மரத்தடியில் நுழைந்து போகும். கொய்யா வேர் மேலாக ஓடும். மண்ணை லேசாகக் கிளற ஒரு சின்ன ரொட்டவேட்டர் போதும். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி அந்தக் குட்டை வண்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுல நான் உக்காந்து போனா சிவகாசியே சிரிக்கும்லே."

அவர் கை காட்டியது கூரை போட்ட பெரிய வண்டியை. கூடவே ஆழ உழுகிற சட்டிக் கலப்பை.

"அண்ணாச்சி, மரத்துக்கு நடுவுல போகாது."

சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஆட்டினார். பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு ரூம் இவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று சட்டம். சுவருக்குச் சுவர் அளந்தே பழகிய மனிதர், தோப்பிலும் தூருக்குத் தூர் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கிட்டயா இடைவெளியப் பத்திப் பேசுத? எம்புட்டு ரூம் கட்டினவன்லே நான்! தாராளமாப் போகும்."

ரூமுக்குக் கிளை கிடையாது என்பது அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவே இல்லை. எங்கள் மேனேஜர் என்னை முறைத்துவிட்டு, "அண்ணாச்சி அளவு தப்புமா?" என்று காபி சொன்னார். இந்த மாதிரி ஆட்களைக் கெடுத்ததே இந்த மாதிரிக் காபிகள்தான்.

முதல் உழவுக்கு நானும் போயிருந்தேன். வண்டிக்கு மாலை, சந்தனம், சரவெடி வேறு. முதல் வரிசையிலேயே கூரை கிளையில் மாட்டிக்கொண்டது. டிரைவர் வண்டியை முறுக்க, கூரைக் கம்பி நெளிந்தது; கிளை முறிந்து பிஞ்சுகள் பானெட் மேல் தடதடவென்று விழுந்தன. பின்னால் கலப்பை வேரைப் புரட்டி வெளியே போட்டது.

மதினி ஓடி வந்தார். "வண்டிய மாத்திருங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்."

குட்டை வண்டி ஷோரூமில்தான் நின்றது, மாற்றித் தருகிறோம் என்று நானும் சொன்னேன். அண்ணாச்சி சுற்றி நின்ற கம்பெனி ஆட்களை ஒருமுறை பார்த்தார்.

"வண்டில என்ன குத்தம்? உங்கப்பாதான் மரத்த நெருக்கமா வச்சிருக்காரு. ஏலே, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைய வெட்டுங்கலே!"

வெட்டினார்கள். தப்பாக வாங்கிய வண்டிக்காகத் தோப்பைத் திருத்திய மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மிச்ச மரங்களும் வேர் அறுந்து அடுத்த கோடையில் காய்ந்துபோயின.

வண்டி தண்ணீர் டேங்கர் இழுக்கப் போய்விட்டது. தோப்பு இருந்த இடத்தில் இப்போது பட்டாசுக் குடோன்கள் நிற்கின்றன. இடைவெளி கச்சிதம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி காட்டிக்கொண்டிருக்கிறார்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மதினியைப் பார்க்கப் போனேன். கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தட்டை நீட்டினார். நான் எடுக்கவில்லை.

"சாப்பிடுங்க தம்பி," என்றார். "கடையில வாங்குனதுதான்."