செக் வரிசை சுருளவில்லை

விவசாயி மேல் பழியைப் போட்டது நீங்கள்தான், மேலாளர் சார். அவர் மிளகாய்ச் செடி சுருண்டதற்குக் காரணம் உங்கள் ரிப்போர்ட். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஸ்டெல்லா. நந்தனத்தில் ஒரு விதை கம்பெனியில் இருபத்தாறு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் படிக்கட்டும்.

1. ஈ பிடிக்கிற வேலை

மிளகாயில் இலைச்சுருட்டு ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்பும். மருந்தடித்து ஈயைக் கொல்லலாம். செடிக்குள் போன வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பிறவியிலேயே நோய் தாங்குகிற செடியைத் தேடி, அந்த ஜீன் நல்ல ரகத்துக்கு வரும்படி கிராஸ் செய்கிறோம். வந்ததா இல்லையா என்று பார்ப்பது என் வேலை.

நோய்ச் செடியில் ஒரு நாள் விட்ட ஈயை ரப்பர் குழாயில் வாயால் உறிஞ்சிப் பிடித்து, நாற்றுகள் மேல் விடுவோம். குழாய்க்குள் இருக்கிற வலைத்துணி கிழிந்தால் ஈ நேராகத் தொண்டைக்குள் போகும். அடையாற்றில் வலை அடித்துச் செடி வளர்க்கிற எங்கள் நெட் ஹவுஸின் தோட்டக்காரர் முருகேசன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "இன்னா மேடம், டிபன் ஆச்சா?"

புது ரக நாற்று வரிசைகளுக்கு நடுவில் நோயைத் தாங்கவே தாங்காத ரகம் ஒன்றையும் வைப்போம். அதுதான் செக். அது சுருண்டே ஆக வேண்டும். அது சுருண்டால்தான் ஈ வைரஸைக் கொடுத்தது என்று அர்த்தம்.

2. பச்சைப்பசேல்

அந்த முறை இருபது நாள் ஆகியும் செக் சுருளவில்லை. மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து தினமும் நேராக அடையாறு போய் ஒவ்வொரு இலையாகப் புரட்டினேன். இருபத்தைந்தாம் நாளும் பச்சைப்பசேல் என்று நின்றது. முருகேசனைக் கேட்டேன்.

"பெரிய மொதலாளி வர்றாரு, எல்லாம் க்ளீனா இருக்கணும்னு மேனேஜர் சார் சொன்னாரு மேடம். பாத்தா எலைக்கு அடியில ஈ மொய்ச்சிக்கினு கீது. மருந்து அட்ச்சு உட்டேன்."

"எப்போ?"

"நீங்க ஈ உட்டுட்டுப் போனீங்களே, அன்னிக்கு சாய்ந்தரமே."

"அடப்பாவி மனுஷா! அந்த ஈயாலதான்யா நாம சம்பளமே வாங்குறோம்!"

அவரைத் திட்டியது தப்பு. அந்த ஈ எதற்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

3. காணாமல் போன வரிசை

மேலாளர் அறைக்குப் போனேன். "சார், டெஸ்ட் செல்லாது. செக்கே சுருளலை. திரும்பப் போடணும்."

"ஆடிப்பட்டத்துக்கு விதை கடைக்குப் போகணும், மேடம்."

"போனா வயல்ல சுருளும், சார்."

"எப்பப் பார்த்தாலும் அபசகுனமாவே பேசுவீங்களா? எல்லாச் செடியும் நல்லா இருக்கு. சந்தோஷப்படுங்க."

'செக் சுருளவில்லை, சோதனை செல்லாது' என்று நான் கையால் எழுதிக் கொடுத்தேன். டைப் ஆகி வந்த ரிப்போர்ட்டில் அந்தக் குறிப்பும் இல்லை, செக் வரிசையும் இல்லை. புது வரிசை மட்டும் இருந்தது, ஒரு செடிகூட சுருளவில்லை என்று. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. பயந்து கையெழுத்துப் போட்டேன்.

பாக்கெட்டில் 'வைரஸ் தாங்கும்' என்று அச்சடித்தார்கள்.

4. சாக்குப்பை

ஐப்பசியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்கிற விவசாயி வந்தார். சாக்கில் பிடுங்கிய செடிகள். இலையெல்லாம் சுருண்டு, குட்டையாக, ஒரு காய் இல்லாமல். காலிப் பாக்கெட்டை நீட்டி, "இதுல என்னா போட்டிருக்கு, நீங்களே படிங்கம்மா" என்றார்.

மேலாளர் வந்தார். "மருந்து சரியா அடிச்சிருக்க மாட்டீங்க."

"மருந்தடிச்சு மாளலைன்னுதானே சார் இந்த வெதைய வாங்கினேன்? ரெண்டு ஏக்கரு போச்சு."

மேலாளர் திரும்பி உள்ளே போய்விட்டார். நானும் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழுமலை சாக்கை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அதே விதையை யாரிடமும் கேட்காமல் விதைத்தேன். நாற்று வந்ததும் ஈ விட்டேன். முருகேசன் மருந்து டப்பாவைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். இந்தத் தடவை செக் முழுக்கச் சுருண்டது. 'வைரஸ் தாங்கும்' ரகமும் அதே மாதிரி சுருண்டது. முடிவை ஒரு நோட்டில் எழுதி மேலாளர் மேஜையில் வைத்தேன். அவர் டிராயரில் போட்டு மூடினார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். விதை இன்றும் விற்கிறது.

புதிதாக வருகிறவர்களே, செக் சுருளாத சோதனைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தோட்டக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மேலாளர் சார், அடுத்த மாதம் நீங்கள் நடத்துகிற விவசாயிகள் கூட்டத்துக்கு ஏழுமலையை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம். டிராயரில் இருக்கிற நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? மைக்கில், எல்லார் முன்னாலும் படித்துக் காட்டுங்கள்.