பன்றிக் கொட்டிலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர்

கோயில் தலைவரே, அந்த ஓடையில் என்ன கலக்கிறது என்று தெரிந்துகொண்டே சனத்தை அதற்குள் இறக்கினீர்கள். தெரியாது என்று சொல்லவேண்டாம். நானே வந்து சொன்னேன்.

ஜேர்மனிக்கு யூரோ வந்து இரண்டாவது கோடையில் நடந்தது. அந்த ஓடையை ஊற்றிலிருந்தே எனக்குத் தெரியும். மேட்டுக் காட்டில் மரவேர்களுக்குள் கசிந்து வரும். ஒரே எட்டில் தாண்டலாம். மாடு மேய்கிற புல்வெளி வரைக்கும் அடியில் கிடக்கும் கல் தெரியும். பிறகு பன்றிப் பண்ணை. அங்கே கொட்டில் கழுவுவதுதான் என் வேலை. கழிவுக்குழி நிரம்பினால் மிச்சம் ஒரு குழாய் வழியாக ஓடைக்குப் போகும். அதற்குக் கீழே கல் தெரியாது, நுரைதான். கரையெல்லாம் பட்டால் அரிக்கிற காஞ்சோண்டி. தெருவுக்கடியில் சிமெந்துக் குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் எங்கள் கோயிலின் பின்புறம்.

கோயில் என்றால் பழைய சாமான் கிடங்கு. தீர்த்தத் திருவிழாவுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டுமென்று நகரசபைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதி அனுமதி வாங்கி, ஓடைக்கு மரப்படி கட்டினார்கள். ஒருவரும் மேலே நடந்துபோய்ப் பார்க்கவில்லை.

தீர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு உங்களிடம் சொன்னேன். தொட்டியில் தீர்த்தமாடலாம் என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்:

"அண்ணை, பண்டிக் கதையை வேலையில வைச்சிட்டு வாங்கோ. ஓடுற தண்ணிதானே, எல்லாம் போயிடும்."

பிறகு நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, சரி, தொட்டிதான் என்றீர்கள். நம்பினேன். மனைவி தீர்த்தமாடுவதாக நேர்த்தி வைத்திருந்தாள். அவள் மனதைக் குழப்பவேண்டாமென்று வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அது என் பிழை.

தீர்த்தத்தன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. மழையில்லாமல் ஓடையில் தண்ணீர் குறைந்து கிடந்தது. நான் கழுவியது கீழே போனது. கீழே, நீங்கள் சொன்ன தொட்டி இல்லாமல், அவள் சாமியோடு ஓடையில் இறங்கி, அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சீனி வருத்தம், புண் லேசில் ஆறாது. குதிக்காலிலும் விரலிடுக்கிலும் வெடிப்பு.

பத்து நாளில் கால் பழுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

நீங்கள் தோடம்பழத்தோடு பார்க்க வந்தீர்கள். கட்டிலருகே நின்று, "வெளியில கதைக்காதேங்கோ அண்ணை, கோயிலைப் பூட்டிப்போடுவாங்கள்" என்றீர்கள். நானும் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மரப்படிக்குப் புதுப் பலகை அடிக்கிறார்கள். இந்த முறையும் ஓடைதான் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். தலைவரே, என்னைத் தனியே கூப்பிடவேண்டாம். மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? சொல்லியும் ஏன் இறக்கினீர்கள்?