கவிழ்த்து வைத்த மங்குத் தட்டு

கிள்ளானில் நான் இப்போது இருக்கும் வீட்டில் பாத்திரம் காயவைக்கும் டிரேயைத் தூக்கினேன். அடியில் தேங்கிய தண்ணீரின் பாசி வாடை, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த பழைய வீட்டு அடுப்படிக்கே என்னை இழுத்துப்போனது.

இந்த வாடை வந்துவிடக்கூடாதென்றே அம்மா அங்கே சொட்டு ஈரம் தங்க விடமாட்டார். சாயங்காலமானால் பாத்திரப் பலகையில் வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார். ஜொகூருக்கு லோரி ஓட்டப்போய்த் திரும்பாத அப்பாவின் பூப்போட்ட பீங்கான் மங்குத் தட்டையும் தினமும் கழுவிக் கவிழ்ப்பார். தேய்த்துத் தேய்த்து அதிலிருந்த பூவே அழிந்துவிட்டது.

"யாரும் சாப்பிடாத தட்ட ஏம்மா கழுவுற?" என்பேன்.

"பல்லி ஓடியிருக்கும்லா. திடீர்னு வந்து நின்னா அதுலயா சோறு போடுறது?"

அப்பா வரவேயில்லை. அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

டிரேயைத் துடைத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் அம்மா விட்டுப்போன அந்த மங்குத் தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். ஏன் கழுவுகிறாய் என்று கேட்க இந்த வீட்டில் ஒரு பிள்ளைகூட இல்லை.