மேஸ்திரி காது

தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் சமைத்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் கேன்டீன் அக்காதான். ஆனால் அவள் கையில் பிறந்த ரொட்டிக்கு ஊரெல்லாம் ஒரு பெயர் உண்டு: மேஸ்திரி காது. முட்டையும் வெங்காயமும் வதக்கி உள்ளே வைத்து, ரொட்டியை அரைவட்டமாக மடித்து, ஓரத்தை ஒரு திருகு திருகிச் சுட்டெடுப்பது.

இப்போது அதே பெயரில் கடைத்தெருவில் புதுக் கடை. திறப்பவன், அந்த ஆலையில் தையல்காரிகளை வேலை வாங்கிய, இப்போது செத்துப்போன மேஸ்திரியின் மகன். "முதல் ரொட்டி உங்க கையாலதான்க்கா" என்று வீடு தேடி வந்து கூப்பிட்டிருந்தான். அவளும் இருப்பதில் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு போனாள்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆளுயரப் பலகை. மேஸ்திரியின் படம். கீழே கொட்டை எழுத்தில்: 'தொழிலாளர் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டவர். அவர்கள் பசியைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே உருவாக்கிய ரொட்டிக்கு, அவர்கள் நன்றியோடு வைத்த பெயர்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். காது கொடுத்துக் கேட்டவனா? சாப்பாட்டு நேரத்தைப் பத்து நிமிடமாக வெட்டியவன். மெஷின் பக்கத்தில் நின்றே தின்னச் சொன்னவன். துணியில் ரொட்டி எண்ணெய் ஒரு சொட்டு பட்டதற்காக, அங்கேயே தைத்துக்கொண்டிருந்த அவள் தங்கையை வேலையைவிட்டே வாசல்வரை விரட்டியவன். அந்தப் பெண் கெஞ்சியது அந்தக் காதில் ஏறவே இல்லை. எண்ணெய் ஒழுகக்கூடாதென்று மறுநாள்தான் அக்கா முதல்முறையாக ரொட்டியின் ஓரத்தைத் திருகி மூடினாள்.

"அக்கா, படத்துக்குப் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ."

"இரு தம்பி. குறை கேட்ட காதுன்னா, அதுல திருகல் எதுக்கு?"

"அது... டிசைன்க்கா."

கூட்டத்தில் பழைய தையல்காரி ஒருத்தி நின்றாள். சுருட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். "டிசைனாமே! நேர்ல திருக முடியல, அதான் ரொட்டியில திருகினோம். தினம் பத்து நிமிஷம் உங்கப்பா காதை நறுக்குனு கடிச்சோம்ப்பா!"

கடையே சிரித்தது. அவன் முகம் சிவந்தது.

"செத்தவர இப்படி அசிங்கப்படுத்தலாமாக்கா?"

"நாங்க இன்னும் சாகலையே! நாங்க நன்றி சொன்னோம்னு நீ எப்படி எழுதுவே? என் தங்கச்சி அப்புறம் எந்த மெஷின்லயும் உட்காரல. அவ இந்த வழியா வந்து இதப் படிக்கணுமா?"

"அப்போ பேரையே மாத்தச் சொல்றீங்களா?"

"பேர்ல கை வெக்காதே. அது எங்களுது. பலகையக் கழட்டு."

யாரோ நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவள் உட்காரவில்லை. கல் காய்ந்துகொண்டிருந்தது, வாங்க வந்தவர்கள் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏணி கொண்டுவரச் சொன்னான்.

கடைசி ஆணியும் கழன்ற பிறகுதான் அவள் மாவில் கை வைத்தாள். அன்றைய முதல் ரொட்டியில் ஒரு திருகு கூடுதலாகவே விழுந்தது.