நான் உடைத்த தரைப்பாலம்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். இன்று திண்டுக்கல்லில் ஏழு லாரி, ரெண்டு பொக்லைன் என் பேரில் நிற்கின்றன. படித்தவன் எவனும் என்னை ஏமாற்றியதில்லை, எங்கள் எம்.எல்.ஏ.வைத் தவிர.

எரியோடு பக்கம் எங்கள் ஊருக்குப் போக ஓடையில் ஒரு தரைப்பாலம். மழை பெய்தால் முங்கிவிடும். என் அக்கா அக்கரையில் இருக்கிறாள். 'மேம்பாலம் கொண்டுவராமல் இந்த ஊர்ப் பந்தியில் உட்கார மாட்டேன்' என்று திருவிழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

எம்.எல்.ஏ.வுக்குத் தேர்தலில் ஓடியவை என் லாரிகள். நான் கேட்டதும் சட்டமன்றத்தில் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். துறை கேட்கும் பணத்தில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி, அதை வைத்து ஊர்க்குறையைப் பேசுவதாம். அவர் பேசிய துண்டு கைப்பேசியில் வந்தது. கோட்டையில் எங்கள் ஓடையின் பேர்! வேட்டுப் போட்டேன். பழசை ஒழித்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் தொடங்குமே என்று மறுநாளே பொக்லைனை விட்டுத் தரைப்பாலத்தை உடைத்தேன். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்டு நான் முன்னுக்கு வந்தேன்?

ஆறு மாதம் ஒரு ஆளும் அளக்க வரவில்லை. எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனேன்.

"என்ன தம்பி, பாலம் எங்க?"

"அமைச்சர் எந்திரிச்சு, பரிசீலிக்கிறோம், தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கன்னாரு. வாங்கிட்டேண்ணே."

"எதுக்கு வாங்குன?"

"எல்லாரும் வாங்குறதுதான். வாங்காட்டி ஓட்டுக்கு விட்டுத் தோக்கடிச்சிருவாக. அங்க அதான் மரபு."

"தோத்துட்டு வந்திருக்கலாம்ல! மரபுக்கா என் லாரி ஓடுச்சு?"

"அது கெடக்கட்டும். இருந்த பாலத்தை நீங்க எதுக்குண்ணே உடைச்சீக?"

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பாலத்துக்கு நான் கொடுத்த மனுக்களை எந்த அதிகாரி பிரித்தானோ தெரியாது. அரசுச் சொத்தை உடைத்ததற்கு மட்டும் நோட்டீஸ் வீடு தேடி வந்தது. அமைச்சர் சொன்னதும் வாபஸ் வாங்குகிறவரைத்தான் நாங்கள் மாலை போட்டு அனுப்பியிருக்கிறோம். அந்த மாலையில் பாதி நான் வாங்கியது.

இந்தத் திருவிழாவுக்குக் காரை இக்கரையில் நிறுத்திவிட்டு நின்றேன். உடைத்த இடத்தில் இடுப்பளவு பள்ளம், அதில் பாசி பிடித்த தண்ணீர். அக்கா அக்கரையில் தூக்குவாளியோடு வந்தாள்.

"ஏலே, பந்திக்குத்தான் வரமாட்ட, சோறாவது திங்கட்டும்னு கொண்டாந்தேன். முந்தி மழைக்குத்தான் தாண்ட முடியாது. இப்பக் கோடையிலயும் முடியல. இதை எப்படிடா உனக்குக் குடுப்பேன்?"